சுவரில் இருந்த பாஷா
ஓர் ஓவியத்தின் ஊடாக ஒராபி பாஷாவை வாசித்தல்

எங்கள் பாடசாலை நூலகத்தின் கிழக்குப் பக்கச் சுவரில் நீண்ட காலமாக ஓர் ஓவியம் தொங்கியது. ஏறத்தாழ மூன்றடி உயரம். பலகைச் சட்டம். துணியில் எண்ணெய் வர்ணத்தால் தீட்டியது. சிவப்புத் துருக்கித் தொப்பி அணிந்த, அகன்ற தோள்களும் அடர்ந்த மீசையும் உடைய ஒருவர் இராணுவ உடையில் நிற்கிறார். மார்பில் மஞ்சள் நிறத்தில் ஒரு நட்சத்திரம். இடுப்பில் வாள். பின்னணியில் மரங்கள். கீழே பெயர் எழுதிய இடம் கறையான் தின்றுபோய் 'பாஷா' என்ற கடைசிச் சொல் மாத்திரம் எஞ்சியிருந்தது. வரைந்தவர் எங்கள் பாடசாலையில் முன்னொரு காலத்தில் படிப்பித்த சித்திர ஆசிரியர் என்பதைத் தவிர வேறு விவரம் எவருக்கும் ஞாபகமில்லை.

கடந்த வருடம் நூலகத்துக்கு வர்ணம் பூசுவதற்காகப் படத்தை இறக்கினோம். பூசி முடிந்தது. படம் திரும்ப ஏறவில்லை. "உருவப்படம் எதுக்கு சேர், நல்லதொரு கலிமா எழுதி மாட்டுவோம்" என்றார் அபிவிருத்திச் சங்கத்தில் ஒருவர். "அது யாரெண்டும் தெரியாது, சட்டமும் உக்கிட்டு" என்றார் இன்னொருவர். இரண்டாவது காரணந்தான் என்னைச் சுட்டது. சில நாட்களுக்குப் பின் களஞ்சிய அறையில் சுண்ணக்கட்டி எடுக்கப் போன ஆண்டு 9 மாணவி ஒருத்தி அதைக் கண்டுவிட்டு வந்து கேட்டாள்: "சேர், அங்க ஒரு துருக்கி ராஜாட படம் ஈக்குது. அவர் யாரன்?"

துருக்கி ராஜா! நூற்று நாற்பது வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்த மனிதர் அவர். அன்று அவளுக்கு வகுப்பில் பத்து நிமிடத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

படத்தில் நிற்பவர்

அவர் ராஜா அல்லர். துருக்கியரும் அல்லர். சரியாகச் சொன்னால், துருக்கியருக்கு மட்டுமே உயர் பதவி என்றிருந்த ஓர் இராணுவத்தில் அந்த வழக்கத்தை எதிர்த்து எழுந்த எகிப்தியக் கிராமத்துப் பிள்ளை. அஹ்மத் உராபி என்பது பெயர். எங்கள் நாட்டில் ஒராபி பாஷா, அறபி பாஷா என்றெல்லாம் எழுதி வழங்குகிறோம்.

1841இல் எகிப்தின் கிழக்கு மாகாணத்தில், ஸகாஸீக் நகருக்கு அண்மையிலுள்ள ஹிர்ரியத் ரஸ்னா என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் கிராமத் தலைவர். குர்ஆனை மனனமிட்டு, அல்-அஸ்ஹரில் சில காலம் ஓதிய பின், பதினான்கு வயதளவில் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார். அப்போது எகிப்தை ஆண்ட ஸயீத் பாஷா, மண்ணின் மக்களான விவசாயிகளின் பிள்ளைகளையும் அதிகாரிகளாக உயர்த்தலாம் என்று எண்ணியவர். அதனால் உராபி இருபது வயதை ஒட்டியே லெப்டினன்ட் கேர்ணல் தரத்துக்கு வந்துவிட்டார். ஆனால் ஸயீதுக்குப் பின் வந்த இஸ்மாயிலின் காலத்தில் அந்த ஏணி இழுத்து மேலே வைக்கப்பட்டது. துருக்கிய, சேர்க்காஸிய வம்சத்தவர் மேலே போய்க்கொண்டிருக்க, உராபி பல வருடம் நின்ற இடத்திலேயே நின்றார்.

நாட்டின் நிலைமையும் அப்படித்தான். 1869இல் சூயஸ் கால்வாய் பெருவிழாவோடு திறக்கப்பட்டது. ஆறே வருடத்தில் கடன் தாங்காமல் இஸ்மாயில் தன் கால்வாய்ப் பங்குகளை ஏறக்குறைய 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானிய அரசுக்கு விற்றார். அதன் பின் எகிப்தின் கணக்குப் புத்தகத்தை ஓர் ஆங்கிலேயரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் உட்கார்ந்து பார்த்தார்கள். கடன்காரனுக்கு முதலில், சம்பளம் பிறகு என்ற நிலை. வரி விவசாயியின் முதுகில். 1879இல் இஸ்மாயில் நீக்கப்பட்டு மகன் தௌபீக் கெதீவ் ஆனார். கெதீவ் என்பது துருக்கி சுல்தானின் கீழ் எகிப்தை ஆள்பவருக்குரிய பட்டம்.

போர் அமைச்சராயிருந்த உஸ்மான் ரிப்கி, சாதாரணப் படைவீரர் நிலையிலிருந்து எகிப்தியர் அதிகாரியாக உயரும் வழியை அடைக்க முனைந்தார். உராபியும் இன்னும் இரு கேர்ணல்களும் மனுக் கொடுத்தார்கள். 1881 பெப்ரவரி 1ஆம் திகதி, கல்யாண ஏற்பாட்டுக்கு என்று சொல்லிக் கஸ்ருந்நீல் பாசறைக்கு அழைத்து மூவரையும் கைது செய்தார்கள். அவர்களுடைய படைப்பிரிவினர் கதவை உடைத்து மீட்டுக்கொண்டு போனார்கள். அமைச்சர் பதவி இழந்தார். மனு எழுதிய கை அன்றோடு தலைவனின் கை ஆகிவிட்டது.

அப்தீன் முற்றம்

அதே வருடம் செப்டெம்பர் 9. கெய்ரோவில் அப்தீன் மாளிகையின் முற்றத்தில் உராபி படையோடு வந்து நின்றார். குதிரையில் வந்தவரை இறங்கச் சொன்னார் கெதீவ். இறங்கினார். வாளை உறையிலிடச் சொன்னார். இட்டார். பிறகு கோரிக்கைகளைச் சொன்னார்: அமைச்சரவையை மாற்ற வேண்டும், மக்கள் பிரதிநிதிகள் சபையைக் கூட்ட வேண்டும், படையை 18,000 ஆக உயர்த்த வேண்டும். இதெல்லாம் என் முன்னோரிடமிருந்து எனக்கு வந்த நாடு, நீங்கள் எங்கள் தயவில் வாழ்பவர்கள் என்ற பொருள்பட கெதீவ் பேசியதாகவும், அல்லாஹ் எங்களைச் சுதந்திரமாகப் படைத்தான், நாங்கள் எவருக்கும் வாரிசுச் சொத்தல்ல என்ற பொருளில் தான் பதில் கூறியதாகவும் உராபி பின்னர் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். இருபது வருடப் பிரிவுக்குப் பின்னர் எழுதியதில் நினைவு கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் எகிப்தியப் பிள்ளைகள் உராபியை அறிவது இந்த முற்றத்தில் நின்றவராகத்தான். ஸகாஸீகில் உள்ள சிலையிலும் அவர் குதிரை மேல்தான் இருக்கிறார்.

அதன் பின் நிகழ்ச்சிகள் வேகமாக ஓடின. 1882 பெப்ரவரியில் மஹ்மூத் ஸாமி அல்-பாரூதியின் அமைச்சரவையில் உராபி போர் அமைச்சரானார். 'எகிப்து எகிப்தியருக்கே' என்ற குரல் தெருவுக்கு வந்தது. ஜூன் மாதத்தில் துருக்கி சுல்தான் அவருக்கு மஜீதியா விருதை அனுப்பினார். அதே ஜூனில் அலெக்ஸாந்திரியாவில் கலவரம் மூண்டு பலர் மாண்டனர். ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியக் கடற்படை அந்நகரின் மீது குண்டு பொழிந்தது. செப்டெம்பர் தொடக்கத்தில், விருது அனுப்பிய அதே சுல்தான் உராபியைக் கலகக்காரர் என்று பிரகடனஞ் செய்தார். செப்டெம்பர் 13 அதிகாலை, தல் அல்-கபீர் என்ற இடத்தில் இருளோடு இருளாக நடந்து வந்த பிரித்தானியப் படை எகிப்திய அணியை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் சிதறடித்தது.

உராபியைப் பற்றி எழுதும் எங்களவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது. அவரது பிழைகளும் இங்கேதான் இருக்கின்றன. சூயஸ் கால்வாயை மறித்துவிடும்படி உடனிருந்தோர் சொன்னார்கள். கால்வாயை வெட்டிய லெசெப்ஸ், அது நடுநிலையானது, ஆங்கிலேயர் அதன் வழியாக வரமாட்டார்கள் என்று உறுதி கூறினார். உராபி அதை நம்பித் தாமதித்தார். ஆங்கிலேயர் அதன் வழியாகவே வந்து இஸ்மாயிலிய்யாவில் இறங்கினார்கள். நல்ல மனிதர் என்பதும் தேர்ந்த தளபதி என்பதும் ஒன்றல்ல என்பதை ஒத்துக்கொண்டே அவரை மதிக்கலாம்.

பறிக்கப்பட்ட உடை

இனி ஓவியத்துக்கு வருவோம். மாணவியோடு களஞ்சிய அறைக்குப் போய் அதை வெளியே எடுத்து வராந்தா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், இத்தனை வருடம் அதன் கீழே உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியும் நான் அதைப் பார்த்ததே இல்லை என்று விளங்கியது.

1882 டிசம்பர் 3ஆம் திகதி உராபி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். வில்பிரிட் ஸ்கோவன் பிளன்ட் என்ற ஆங்கிலக் கவிஞர் ஏற்பாடு செய்த வழக்கறிஞர் புரோட்லி அவருக்காக நின்றார். கலகம் செய்த குற்றத்தை ஒத்துக்கொள்வது, மரண தண்டனை விதிப்பது, உடனே அதை ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றுவது என்று ஏற்கனவே பேசி முடித்திருந்தார்கள். அப்படியே நடந்தது. உராபியோடு அல்-பாரூதி, அலி ஃபஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி, மஹ்மூத் ஃபஹ்மி, யஃகூப் ஸாமி, துல்பா இஸ்மத் ஆகியோருக்கும் நாடுகடத்தல். சொத்துகள் பறிமுதல். அதோடு இன்னொன்றும் நடந்தது: கப்பலேறுமுன் அவர்களுடைய பதவிகள், பட்டங்கள், விருதுகள் அனைத்தும் ஆணை மூலம் பறிக்கப்பட்டன.

அதாவது, 1883 ஜனவரியில் கொழும்பில் வந்து இறங்கிய அஹ்மத் உராபி சட்டப்படி பாஷா அல்லர். இராணுவ அதிகாரியும் அல்லர். மார்பில் நட்சத்திரம் குத்தும் உரிமை அவருக்கு இல்லை. எங்கள் முன்னோர் அதைக் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. துறைமுகத்தில் கூடினார்கள், கை முத்தமிட்டார்கள், பாஷா என்றே அழைத்தார்கள். கெதீவின் ஆணை அவரிடமிருந்து எடுத்ததை இந்த ஊர்ப் பேச்சு திருப்பிக் கொடுத்துவிட்டது. இன்றைக்கும் நாங்கள் வெறும் உராபி என்று சொல்வதில்லை.

எங்கள் சித்திர ஆசிரியரும் அதையே தூரிகையால் செய்திருக்கிறார். நாடுகடத்தப்பட்ட காலத்துப் படங்களில் உராபி தாடி நரைத்த, சாதாரண நீளக் கோட்டு அணிந்த முதியவர். அந்தப் படங்களும் அவருக்குக் கிடைக்கக்கூடியனவாகவே இருந்திருக்கும். என்றாலும் அவர் தேர்ந்தது 1882இன் தளபதியை. வாளையும் நட்சத்திரத்தையும் விட்டுவைக்கவில்லை.

நிறத்தில் ஒரு பிழை இருக்கிறது. அக்கால எகிப்திய அதிகாரிகளின் கோட்டு கருநீலம். எங்கள் ஓவியத்தில் அது பச்சை. மூலப்படம் கறுப்பு வெள்ளையாக இருந்திருக்கும். கோட்டின் நிறத்தை ஆசிரியர் ஊகித்திருக்கிறார். இந்த நாட்டில் இராணுவ உடை என்றால் கண்ணில் வருவது பச்சைதானே. பின்னணி மரங்களை ஈச்ச மரம் என்று நினைத்தே வரைந்திருப்பார். ஆனால் தண்டு வளைந்து, ஓலை சரிந்து, குலை தொங்குகிறது. மாணவி சிரித்துவிட்டாள். "சேர், இது தெங்கு மரமே!"

உண்மைதான். தென்னை மரத்தின் கீழே ஓர் எகிப்தியத் தளபதி. பிழையாக வரைந்த அந்தப் பின்னணி அவருடைய வாழ்க்கையின் பதினெட்டு வருடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டது.

ஸரந்தீபில் பதினெட்டு வருடம்

அவர் வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். 1882 டிசம்பரில்தான் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். சில வாரங்களில் ஒராபி வந்து சேர்ந்தார். கண்டியில் பிறந்த சட்டத்தரணியான சித்திலெப்பைக்கு அன்றிருந்த கவலை ஒன்றுதான்: பிள்ளைகள் படிக்கவில்லை. ஆங்கிலப் பாடசாலைகள் மிஷனரிமாரின் கையில். மார்க்கம் கெட்டுவிடும் என்ற பயத்தில் பெற்றோர் அனுப்பவில்லை. பயமும் நியாயம், விளைவும் நட்டம்.

அந்தச் சிக்கலில் ஒராபியின் வருகை எப்படி உதவியது? அவர் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்த தனவந்தர் அல்லர். சொத்து இழந்து, எகிப்திய அரசு தந்த உதவிப் பணத்தில் வாழ்ந்தவர். ஆனால் அல்-அஸ்ஹரில் ஓதியவர். முஸ்லிம்களின் நிலத்துக்காக ஆங்கிலேயரோடு போரிட்டவர். அப்படிப்பட்டவரே இங்கு வந்து ஆங்கிலம் கற்க உட்கார்ந்தார். "ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும்" என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எவராலும் சொல்லியிருக்க முடியாது. சித்திலெப்பை பத்திரிகையில் எழுதியதற்கு ஒராபி நடமாடும் சான்றாக இருந்தார் என்பது என் எண்ணம்.

1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் சித்திலெப்பை தொடங்கிய மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யாவுக்கு அவர் துணை நின்றார். அது நீடிக்கவில்லை. 1892இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவானபோது சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரோடு ஒராபி பாஷாவின் ஆதரவும் இருந்தது. அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. வாப்பிச்சி மரைக்கார் யாரென்றால், கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டியவர். பத்திரிகையாளர் ஒருவர், கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர், தோற்ற தளபதி ஒருவர். ஒரு பாடசாலைக்கு வேண்டிய சொல்லும் பொருளும் மதிப்பும் இப்படித்தான் சேர்ந்தன.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1885இல் சித்திலெப்பை எழுதிய 'அஸன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. அதன் கதாநாயகன் பிறப்பது எகிப்தில், கெய்ரோ நகரில். கண்டியில் இருந்த எழுத்தாளர் தன் நாயகனின் பிறப்பிடத்தை அவ்வளவு தூரத்தில் வைத்தது ஏன் என்று பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு வினா வந்ததுண்டு. ஆயிரத்தொரு இரவுகளின் செல்வாக்கு என்று எழுதிப் புள்ளி வாங்கினோம். இன்று எழுதினால், நாவல் வெளிவருவதற்கு இரண்டு வருடம் முன்பே எகிப்து கொழும்பில் வந்து இறங்கிவிட்டது என்பதையும் சேர்த்து எழுதுவேன்.

ஒராபியோடு வந்த அல்-பாரூதியை எங்களவர்கள் மறந்தே போனார்கள். நவீன அறபுக் கவிதையின் மறுமலர்ச்சி அவரிலிருந்தே தொடங்குகிறது என்பார்கள். வாளுக்கும் பேனாவுக்கும் உரியவர் என்று அவரை அறபுலகம் அழைக்கிறது. எகிப்தில் இருந்த மனைவி மௌத்தான செய்தி இங்கே கிடைத்தபோது அவர் பாடிய இரங்கற்பா அறபு இலக்கியத்தில் புகழ் பெற்றது. 1899இல் கண்பார்வை இழந்த நிலையில் நாடு திரும்பினார். கெய்ரோவில் அறபு இலக்கியம் படிக்கும் மாணவனுக்கு 'ஸரந்தீப்' என்ற சொல் அந்தக் கவிதைகளோடு வருகிறது. அவை எழுதப்பட்ட நாட்டில் அதே அறபை ஓதும் எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாது. முழுமையான தமிழ் மொழிபெயர்ப்பொன்றை இளம் மௌலவிமார் எவராவது செய்தால் பெரிய காரியம்.

எழுவரில் மூவர், அதாவது அப்துல் ஆல் ஹில்மி, மஹ்மூத் ஃபஹ்மி, யஃகூப் ஸாமி ஆகியோர், இங்கேயே மௌத்தானார்கள். கொழும்பின் ஈரக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்கள் பலமுறை முறையிட்டனர். ஒராபி 1892இல் கண்டிக்கு இடம் மாறினார். ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று ஒராபி பாஷா கலாசார நிலையமாக இருக்கிறது. கண்டிக்குப் போகும் பாடசாலைச் சுற்றுலாக்கள் பேராதனைப் பூங்காவைப் பார்க்கின்றன, வாவியைப் பார்க்கின்றன. இந்த வீட்டை மறந்துவிடுகின்றன.

அந்தச் சிவப்புத் தொப்பி

ஓவியத்தில் இன்னும் மங்காத நிறம் தொப்பியின் சிவப்பு. எங்கள் வாப்பாமாரின், மூத்தப்பாமாரின் பழைய கல்யாணப் படங்களில் இதே தொப்பியைக் காணலாம்.

இது பழங்காலத்துத் தொப்பி அல்ல. 1820களில் துருக்கி சுல்தான் இரண்டாம் மஹ்மூத் படையை நவீனப்படுத்தியபோது தலைப்பாகைக்குப் பதிலாகக் கொண்டுவந்தது. அதாவது அது அரசாங்க உடை. ஆனால் கொழும்பிலும் கண்டியிலும் ஒராபியின் தலையில் அதைப் பார்த்தவர்களுக்கு அது முஸ்லிம்களின் மானம். இங்கு அது பரவியதில் அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் பெரும் பங்கு உண்டென்று எழுதியிருக்கிறார்கள்.

1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்ற வேண்டும் என்றார் பிரதம நீதியரசர். அவர் மறுத்துவிட்டார். நாடெங்கும் முஸ்லிம்கள் கூட்டம் கூடினார்கள். அவ்வருட இறுதி நாளில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் நடந்தது. தொப்பிப் போராட்டம் என்று எங்கள் வரலாற்றில் பதிந்திருப்பது இதுதான். ஒராபி நாடு திரும்பி நான்கு வருடமாகியிருந்தது. அவர் விட்டுப்போன தொப்பி இங்கே வழக்காடிக்கொண்டிருந்தது.

பின்னர் 1925இல் துருக்கியே அதைத் தடை செய்தது. 1952 புரட்சிக்குப் பின் எகிப்தும் கைவிட்டது. ஓர் உடை ஓர் ஊரில் அதிகாரம், இன்னோர் ஊரில் அடையாளம், வேறோர் ஊரில் பழமைவாதம். உடையைப் பற்றி இப்போது எங்களுக்குள் நடக்கும் வாதங்களில் இந்தச் சின்ன வரலாற்றையும் ஞாபகத்தில் வைப்பது நல்லது.

முகத்தை யார் வரைவது?

ஒராபியின் முகத்தை முதலில் உலகத்துக்குக் காட்டியவர்கள் அவரைத் தோற்கடித்தவர்களே. 1882இல் இலண்டன் சித்திரப் பத்திரிகைகள் அவரைக் கலகக்காரனாக வரைந்து தள்ளின. போர்ச் சித்திரக்காரர் பிரடெரிக் வில்லியர்ஸ் எகிப்துக்குச் சென்று வரைந்தார். வழக்கறிஞர் புரோட்லி 1884இல் வெளியிட்ட நூலுக்கும் அவரே சித்திரம் தீட்டினார். அந்த நூலில் ஒராபி கலகக்காரன் இல்லை, அநீதி இழைக்கப்பட்ட கைதி. ஒரே சித்திரக்காரரின் கையில், எதற்காக வரைகிறார் என்பதைப் பொறுத்துக் கதை மாறிவிட்டது.

சொந்த நாட்டிலும் நிலைமை இலேசாக இருக்கவில்லை. 1901இல் மன்னிப்புப் பெற்று ஒராபி எகிப்து திரும்பியபோது பெருங்கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரை ஏளனம் செய்து கவிதை எழுதினார். புதிய தேசியவாதிகளுக்கு அவர் ஆங்கிலேயரை நாட்டுக்குள் வரச் செய்த பிழைகாரர். திரும்பி வந்து ஆங்கில ஆட்சியைப் பற்றி நல்ல வார்த்தை பேசினார் என்ற கோபமும் சேர்ந்தது. 1911இல் கெய்ரோவில் அவர் மௌத்தானபோது அதிகமானோர் கவனிக்கவில்லை. 1952இல் இன்னொரு கேர்ணலான ஜமால் அப்துந் நாஸிரும் தோழர்களும் ஆட்சியைப் பிடித்த பிறகுதான் ஒராபி பாடநூலுக்குள் வீரராகத் திரும்பி வந்தார். தங்களுக்கு முன்னோடி ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார்.

இடையில் இருந்த அந்த ஐம்பது வருடத்தில், சொந்த நாடு அவரைப் பழித்தும் மறந்தும் இருந்த காலத்தில், அவரைப் பாஷா என்று மதிப்போடு நினைத்துக்கொண்டிருந்த இடங்களில் எங்கள் நாடும் ஒன்று. அரசியல் தேவை எதுவும் எங்களுக்கு இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று சொன்னவர்களோடு நின்றார் என்ற நன்றிதான் இருந்தது.

இப்போது நாங்களும் மறந்துவிட்டோம்.

படமும் பெயரும்

உருவப்படத்தை மாட்டுவது பற்றிய மார்க்கத் தீர்ப்பு என் துறை அல்ல. அதில் உலமாக்களிடையே நீண்ட கருத்து வேறுபாடு உண்டு. அபிவிருத்திச் சங்கத்தில் அந்த அபிப்பிராயத்தைச் சொன்னவர் மார்க்கப் பேணுதலோடுதான் சொன்னார். அவரை நான் மதிக்கிறேன். நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது மற்றவருக்கு, "யாரெண்டும் தெரியாது" என்றவருக்கு. தெரியாமல் போனதற்கு அவர் பொறுப்பில்லை. அதே நூலகத்தில் பல வருடம் உட்கார்ந்திருந்த தமிழாசிரியர் பொறுப்பு.

அடுத்த கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். படத்தை எங்கே வைப்பது என்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் அதன் கீழே இருந்த பெயரை எழுதுவோம். அதிபரும் சம்மதித்தார். ஆண்டு 9 மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வாரம் நூல்களைப் புரட்டி ஒரு பலகையில் எழுதினார்கள். பிழை திருத்தியது மட்டுமே என் வேலை. அதில் இருப்பது இவ்வளவுதான்:

அஹ்மத் உராபி பாஷா (1841–1911). எகிப்திய விவசாயியின் மகன். அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றார். 1883 முதல் 1901 வரை எங்கள் நாட்டில் வாழ்ந்தார். எங்கள் சமூகத்தின் முதல் நவீனப் பாடசாலைகள் உருவாகத் துணை நின்றார். அவருடைய பட்டத்தைக் கெதீவ் பறித்தார். நாங்கள் பறிக்கவில்லை.

கடைசி இரண்டு வசனமும் அந்த மாணவியுடையவை. நூலகத்தின் கிழக்குச் சுவரில் இப்போது இந்தப் பலகை இருக்கிறது. ஓவியம் சட்டம் மாற்றப்பட்டு, நூலகத்தின் உள்ளறையில், பழைய சஞ்சிகைகள் இருக்கும் அலுமாரிக்குப் பக்கத்தில் துணியால் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சி செய்ய வருபவர் எவரும் கேட்டால் எடுத்துக் காட்டுவோம். இரு தரப்பாரும் ஏற்ற முடிவு அது.

பலகையை மாட்டிய அன்று மாணவர்களில் ஒருவன் இன்னொன்றும் கேட்டான். "சேர், கோட்டுட நெறத்த நீலமா மாத்துவமா? மரத்தையும் ஈச்ச மரமாக்கலாம்."

கோட்டை விட்டுவிடு மகன், மரத்தைத் தொடவே தொடாதே என்றேன்.